ஐசியூவில் அமைதியாகக் கிடப்பவரையும் கவனியுங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஒரு நோயாளி கையில் ஏறிக்கொண்டிருக்கும் டிரிப்ஸைப் பிடுங்கி எறிகிறார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார், “என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்” என்று கத்துகிறார். சில நிமிடங்களில் டியூட்டி டாக்டர் ஓடி வந்துவிடுவார். அதே அறையில் மூன்று கட்டில் தள்ளி இன்னொருவர் கண்களைப் பாதி திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். பெயர் சொல்லி அழைத்தால் மெல்லத் திரும்புகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் இமை மூடிக்கொள்கிறது. காலையில் பணி மாறும்போது இவரைப் பற்றிச் சொல்லப்படுவது ஒரே வரிதான்: “தொந்தரவு இல்லை, நன்றாகத் தூங்கினார்.”

இருவருக்கும் வந்திருப்பது ஒரே கோளாறு. டெலிரியம் என்று அதற்குப் பெயர். முதலாமவரின் கோளாறு எல்லோர் கண்ணிலும் படுகிறது. இரண்டாமவருடையது பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. ஆனால் ஐசியூவில் அதிகம் காணப்படுவது இந்த இரண்டாவது வகையும், இரண்டும் மாறி மாறி வரும் கலப்பு வகையும்தான். டெலிரியம் கண்டவர்களில் கத்தல், அடிதடி மட்டுமே கொண்ட வகை நூற்றில் ஓரிருவருக்குத்தான் வருகிறது என்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2006-இல் எழுதினார்கள். நாம் டெலிரியம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அதன் மிகச் சிறிய பகுதியை மட்டுமே.

காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டவர் பிதற்றுவதை நம் ஊர்களில் எல்லோரும் அறிவார்கள். அதன் விரிந்த வடிவம் இது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென வரும். கவனம் சிதறும், ஒரு கேள்வியை முழுதாக வாங்கி அதற்குப் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் ஊரையும் ஆளையும் மறந்திருப்பார். மறுநாள் காலை மீண்டும் தெளிந்திருப்பார். இந்த ஏற்ற இறக்கம்தான் டெலிரியத்தின் முத்திரை. மறதி நோய் எனப்படும் டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக ஏறும். ஆகவே “அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அதனால் இப்படித்தான்” என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டிய அடுத்த கேள்வி “போன வாரமும் இப்படித்தான் இருந்தாரா?” என்பதே. டிமென்ஷியா ஏற்கெனவே உள்ளவருக்கு டெலிரியம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் சாதாரணம்.

நீண்ட காலம் இதற்கு “ஐசியூ சைக்கோசிஸ்” என்று ஒரு பெயர் புழங்கியது. அறையின் வெளிச்சமும் இயந்திரங்களின் சத்தமும் சேர்ந்து ஆளைப் பித்துப் பிடிக்க வைக்கின்றன, வார்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. பெரிய தீங்கு செய்த எண்ணம் அது. 1959-இலேயே நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் ஜார்ஜ் எங்கல், ஜான் ரொமானோ என்ற இரு மருத்துவர்கள் டெலிரியத்தை மூளையின் செயல் பற்றாக்குறை என்று வரையறுத்திருந்தார்கள். நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, உணர்வு மங்க மங்க அந்த அலைகளும் மந்தமாவதைக் காட்டினார்கள். சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுகிறது. நுரையீரல் செயலிழந்தால் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை செயலிழக்கும்போது கவனம் சிதறுகிறது. முதல் இரண்டையும் ஒரு நாளில் பல முறை அளக்கும் ஐசியூவில் மூன்றாவதை யாரும் அளக்காமல் இருந்ததுதான் விந்தை.

அளக்கத் தொடங்கியபோது கிடைத்த எண்கள் அச்சமூட்டின. வாண்டர்பில்ட்டின் வெஸ்லி ஈலியும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் டெலிரியம் இருந்தது. 2004-இல் அதே குழு இன்னொரு கணக்கைத் தந்தது: டெலிரியம் வந்தவர்களில் 34 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள், வராதவர்களில் 15 சதவீதம். வயது, நோயின் தீவிரம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வேறுபாடு நின்றது. டெலிரியமே கொல்கிறதா, கொல்லும் நோயின் அடையாளமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. எதுவாக இருந்தாலும், அதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோவதற்கு நியாயம் இல்லை. இது வெளிநாட்டுக் கதையும் அல்ல. சண்டிகர் முதுகலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐசியூவில் 140 பேரிடம் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டெலிரியம் இருந்தது.

கண்டுபிடிப்பதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாதவரிடம்கூட ஓரிரு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய ஒரு படுக்கையோரச் சோதனை 2001 முதல் உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. கேம்-ஐசியூ என்று அதைச் சொல்கிறார்கள். செவிலியர் முதலில் விழிப்பு நிலையைப் பார்க்கிறார். அதற்கு ராஸ் என்ற அளவுகோல் உண்டு: அமைதியாக, விழிப்பாக இருந்தால் பூஜ்யம், அடிதடியில் இறங்கினால் கூட்டல் நான்கு, எவ்வளவு உலுக்கினாலும் அசையாவிட்டால் கழித்தல் ஐந்து. கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்காவது விழிப்பு இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

பிறகு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நான் சில எழுத்துகளைச் சொல்கிறேன். ‘ஏ’ என்று சொல்லும்போது மட்டும் என் கையை அழுத்துங்கள்” என்கிறார். எஸ், ஏ, வி, ஈ, ஏ என்று மெதுவாகப் பத்து எழுத்துகள். ‘ஏ’ வரும்போது அழுத்தாமல் விடுவதும் தவறு. வேறு எழுத்துக்கு அழுத்துவதும் தவறு. இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். ஆங்கில எழுத்து அறியாதவருக்குப் படங்களைக் காட்டி, பிறகு எவை முன்பு பார்த்தவை என்று தலையசைக்கச் சொல்லும் முறையும் உண்டு. மனநிலை திடீரென மாறியிருந்து, கவனமும் சிதறியிருந்து, விழிப்பு நிலை பூஜ்யத்திலிருந்து விலகியும் இருந்தால் டெலிரியம் உறுதி. விழிப்பு சரியாக இருந்தால் இன்னொரு படி இருக்கிறது: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு கிலோ இரண்டு கிலோவைவிட அதிக எடையா? சுத்தியலால் ஆணி அடிக்க முடியுமா? தலையை ஆட்டிப் பதில் சொன்னால் போதும். அதோடு, காட்டிய அளவுக்கு விரல்களைக் காட்டச் சொல்லும் ஒரு சிறு கட்டளை. இந்தப் படியில் ஒன்றுக்கு மேல் தவறினால் சிந்தனை குலைந்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கும்போது அமைதியாக, மரியாதையாக, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த முதியவர் இந்தப் பத்து எழுத்தில் விழுந்துவிடுவார். கல் மிதக்கும் என்பதற்கும் தலையாட்டுவார். ஒவ்வொரு பணிமுறையிலும் ஒரு முறை இதைச் செய்தால் போதும். காலைச் சுற்றில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மாலையில் மங்குவது இதன் இயல்பு.

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியது காரணத்தைத் தேடுவது. தூக்க ஊசிக்குக் கை போவதற்கு முன்னால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சோடியத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த டெலிரியம் பல நேரங்களில் காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே புதிய தொற்றைக் காட்டிக்கொடுக்கும். அடைபட்ட சிறுநீர்க் குழாயோ, பல நாள் மலச்சிக்கலோ, போதுமான மருந்து கொடுக்கப்படாத வலியோ ஒரு முதியவரைப் பிதற்ற வைக்கப் போதும். பக்கவாதமும், உடல் வெட்டாமலே மூளைக்குள் நடக்கும் வலிப்பும் இதே முகத்தோடு வரலாம்.

மருந்துச் சீட்டைத் தனியாக ஒரு முறை படிக்க வேண்டும். மிடாசோலம், லோராசிபாம் போன்ற பென்சோடயசிபின் வகைத் தூக்க மருந்துகள் டெலிரியத்தை வரவழைப்பவை என்பதற்குச் சான்றுகள் குவிந்திருக்கின்றன. அசெடைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகளும் அப்படியே. ரத்தம் ஏற்றுவதற்கு முன் அலர்ஜி வராமலிருக்கப் போடும் பெனிராமின் ஊசியும், தூக்கத்துக்கென்று போடும் புரோமெத்தசினும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இளைஞருக்கு ஒரு கொட்டாவியோடு போகிற மருந்து எண்பது வயதுக்காரரின் ஒரு நாளையே குழப்பிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் அது அடிக்கடி வருவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விபத்தில் கால் முறிந்து ஒருவர் சேர்க்கப்படுகிறார். முதல் நாள் நன்றாகப் பேசுகிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த இரண்டு முதல் நான்கு நாட்களில் வரும் டெலிரியம் ட்ரெமென்ஸ் இது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். இதற்கு மட்டும் சிகிச்சையே அந்த பென்சோடயசிபின் மருந்துகள்தான். கூடவே தயமின் என்ற வைட்டமின் ஊசி உடனடியாக வேண்டும். மருத்துவருக்கு இது தெரிய வேண்டுமானால், குடிப்பழக்கம் இருக்கிறதா என்ற கேள்விக்கு வீட்டார் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் பக்கத்தில் நிற்கும் வெட்கத்திலோ, காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்திலோ “அதெல்லாம் இல்லை டாக்டர்” என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோர் முன்னிலையிலும் அந்தக் கேள்வியைக் கேட்டதே பிழை. மனைவியையோ அண்ணன் தம்பியையோ தனியே அழைத்து, “இது தெரியாவிட்டால் தவறான மருந்து கொடுத்துவிடுவோம்” என்று காரணத்தோடு கேட்டால் உண்மை வரும். அதே பென்சோடயசிபின் வகையைச் சேர்ந்த அல்பிரசோலம் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டுத் தூங்கிய பாட்டிக்கும் இதே கதைதான். ஐசியூவில் அந்த மாத்திரை நின்றுபோனது யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி எல்லோரும் கேட்பது: இதைக் குணமாக்க மருந்து இல்லையா? பல ஆண்டுகளாக, மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஊசிதான் அந்த இடத்தில் இருந்தது. 2018-இல் அமெரிக்காவில் 566 நோயாளிகளிடம் ஹாலோபெரிடால், சிப்ராசிடோன் இரண்டையும் வெறும் உப்பு நீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டெலிரியம் நீடித்த நாட்களில் எந்த வேறுபாடும் இல்லை. 2022-இல் டென்மார்க் மருத்துவர்கள் தலைமையில் சுமார் ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்விலும், உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் ஹாலோபெரிடாலால் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. நோயாளி பயத்தில் துடிக்கும்போதோ, குழாயைப் பிடுங்கித் தனக்கே ஆபத்து தேடிக்கொள்ளும்போதோ, இதயத் துடிப்பின் லயத்தைக் கண்காணித்துக்கொண்டு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாம். டெலிரியம் என்று எழுதியவுடன் ஹாலோபெரிடால் என்று எழுதும் வழக்கத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. அமைதியாகக் கிடக்கும் நோயாளிக்கு அது தேவையே இல்லை. கொந்தளிப்பால் வென்டிலேட்டரிலிருந்து விடுபட முடியாமல் இருப்பவருக்கு டெக்ஸ்மெடெட்டோமிடின் உதவுகிறது. தூக்க மருந்து தேவைப்படுகிறவருக்கு மிடாசோலத்தைவிட அது நல்லது. மருந்துப் பெட்டியில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

பலன் கிடைத்தது வேறு இடங்களில். சிகாகோவில் ஜான் கிரெஸ் குழுவினர் தினமும் ஒரு முறை தூக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்க விட்டார்கள். வென்டிலேட்டரில் கழிந்த நாட்கள் 7.3-இலிருந்து 4.9 ஆகக் குறைந்ததாக 2000-இல் அறிவித்தார்கள். 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வென்டிலேட்டரில் இருக்கும்போதே பிசியோதெரபி தொடங்கினார்கள்: கட்டிலில் உட்கார வைத்தல், காலைத் தொங்கப் போடுதல், நிற்க வைத்தல், முடிந்தால் குழாயோடு நடக்க வைத்தல். அந்த 104 பேர் ஆய்வில் டெலிரியம் நீடித்தது பாதியாகக் குறைந்தது, நான்கு நாளிலிருந்து இரண்டு நாளுக்கு. ஹாலோபெரிடால் ஊசிக்கு இப்படி ஒரு பலன் கிடைக்கவில்லை.

மற்றவை இன்னும் எளிமையானவை. இரவில் விளக்கை அணைப்பது. விடியற்காலை நான்கு மணிக்கு உடம்பு துடைத்துவிடும் வேலையை ஆறு மணிக்குத் தள்ளுவது. அலாரம் அடிக்கும் அளவை ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்றபடி மாற்றி வைப்பது. பகலில் ஜன்னல் திரையை விலக்குவது. நோயாளி பார்க்கும்படி ஒரு கடிகாரமும் தேதித்தாளும் மாட்டுவது. ஐசியூவுக்குள் போகும்போது கழுத்துச் சங்கிலி, மெட்டியோடு மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல் செட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டார் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நகையை வாங்கிக்கொள்ளட்டும். கண்ணாடியையும் காதுக் கருவியையும் முடிந்த அன்றே திருப்பித் தர வேண்டும். மங்கலாகத் தெரியும் ஓர் உருவம் கையில் ஊசியோடு நெருங்கும்போது எவருக்குத்தான் சந்தேகம் வராது? இப்படி எளிய ஏற்பாடுகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்தால் முதியோருக்கு டெலிரியம் வருவதையே குறைக்கலாம் என்று ஷாரன் இன்னோய் 1999-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் பொது வார்டு நோயாளிகளிடம் நிரூபித்தார். 15 சதவீதமாக இருந்தது 9.9 ஆனது.

கைகளைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டும் வழக்கத்தைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். ஆள் பற்றாக்குறை புரிகிறது. மூன்று நோயாளிகளைத் தனியாகப் பார்க்கும் செவிலியருக்கு ஒரு காஸ் துணி முடிச்சு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதும் புரிகிறது. ஆனாலும் கட்டப்பட்டவர் மேலும் மிரள்கிறார், மிரள்வதால் மேலும் மருந்து போடப்படுகிறது, மருந்தால் மேலும் குழம்புகிறார். கட்டு போடுவதே டெலிரியத்துக்கு ஒரு காரணம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. தேவையற்ற குழாய்களை அன்றன்று எடுத்துவிடுவதும், பிடுங்கத் தோன்றாதபடி குழாயைக் கண்ணுக்கு மறைவாக ஒட்டிவைப்பதும், பக்கத்தில் ஒருவரை உட்கார வைப்பதும் அதைவிட நல்ல வழிகள்.

அந்த ஒருவர் பெரும்பாலும் ஐசியூ கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் காத்திருக்கிறார். காலையில் சில நிமிடம், மாலையில் சில நிமிடம் என்று நம் மருத்துவமனைகள் அவரை உள்ளே விடுகின்றன. பார்வை நேரத்தைத் தளர்த்தினால் மட்டும் டெலிரியம் குறைந்துவிடுமா என்று பிரேசிலில் 36 ஐசியூக்களில் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். டெலிரியம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. உறவினர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. கொரோனா காலத்தில் 14 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளைப் பார்த்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது: நேரிலோ வீடியோ அழைப்பிலோ குடும்பத்தாரைப் பார்த்தவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது, பென்சோடயசிபின் மருந்து தொடர்ந்து ஏற்றப்பட்டவர்களுக்கு அதிகமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, உறவினர் வந்து நின்றுவிட்டுப் போவதில் பலன் குறைவு, அவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பதே. நோயாளி இயல்பில் எப்படிப்பட்டவர் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டுமே தெரியும். வாயாடி அக்கா இரண்டு நாளாகப் பேசவில்லை என்பது செவிலியருக்கு நல்ல நோயாளியின் லட்சணமாகத் தெரியும். தங்கைக்குத்தான் அது ஆபத்தாகத் தெரியும்.

உள்ளே போகும் உறவினர் செய்யக்கூடியவை உண்டு. “அப்பா, நான் குமார். இன்று செவ்வாய்க்கிழமை. நுரையீரலில் சளி கட்டியதால் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். தொண்டையில் குழாய் இருப்பதால்தான் பேச முடியவில்லை, எடுத்தவுடன் பேசலாம்.” இவ்வளவு போதும், இதையே ஒவ்வொரு முறையும் சொல்லலாம். “என்னை அடையாளம் தெரிகிறதா? இது யார் சொல்லுங்கள்?” என்று வரிசையாகத் தேர்வு வைக்கக் கூடாது, பதில் தெரியாதது அவரை இன்னும் பயமுறுத்தும். கூரையில் பாம்பு என்றால், இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று சொல்லவும் வேண்டாம். பயமாக இருக்கிறது என்பது புரிகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொள்ளலாம். கத்தலும் வசவும் அவருடைய குணம் அல்ல, நோய் பேசுகிறது. பிள்ளைகள் பலர் அந்த வசவுகளை வருடக்கணக்கில் மனதில் சுமக்கிறார்கள்.

டெலிரியம் தெளிந்தாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2013-இல் வெளிவந்த, 821 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகும் மூன்றில் ஒருவரின் நினைவும் சிந்தனையும் மிதமான தலைக்காயம் பட்டவர்களின் அளவில் இருந்தன. நான்கில் ஒருவர் ஆரம்ப நிலை அல்சைமர் நோயாளிகளின் அளவில் இருந்தார். டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பாதிப்பு அதிகம். வயதானவர்கள் மட்டும் அல்ல, இளையவர்களும் இதில் இருந்தார்கள். கடை வைத்திருப்பவர் சில்லறை எண்ணத் தடுமாறுகிறார். கணக்காளர் ஒரு பக்கத்தை முடிக்க முடியாமல் திணறுகிறார். உடம்பு தேறியதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கெட்ட நினைவுகளும் தங்குகின்றன. அவை உண்மைச் சம்பவங்களின் மேல் பின்னப்பட்டவை: சிறுநீர்க் குழாய் செருகியது வன்கொடுமையாக, ரத்தம் எடுத்தது விஷம் வைத்ததாக. வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை, இரவில் விழித்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவின் பல ஐசியூக்களில் இதற்காகவே ஒரு நாட்குறிப்பு வைக்கிறார்கள். நோயாளி நினைவில்லாமல் கிடந்த ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று செவிலியரும் வீட்டாரும் எளிய மொழியில் எழுதி, ஒரு புகைப்படமும் ஒட்டி, பிறகு அவரிடம் கொடுக்கிறார்கள். ஆறு நாடுகளில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் 5 சதவீதமாகவும், பெறாதவர்களிடம் 13 சதவீதமாகவும் இருந்தது. காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் இதை எந்தக் குடும்பமும் செய்யலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் நிமோனியா இருக்கும், வென்டிலேட்டரில் இருந்த நாட்கள் இருக்கும். டெலிரியம் என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. அதை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். அடுத்த அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து நிபுணருக்கு அது வேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும்போது இருமலையும் சர்க்கரையையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, தூக்கம் எப்படி, கனவு வருகிறதா, கணக்கு வழக்கைப் பழையபடி பார்க்கிறாரா என்று மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.